ஃபேனிடம் தோற்ற ஓப்பன் பேக்

பிலிப்ஸ் எஸ்எச்பி9500 ஹெட்போன் நேற்று மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. ஓப்பன் பேக், அதாவது கப்பின் பின்பக்கம் திறந்திருக்கிற ரகம், வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. குறை என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது என்பதுதான் அவமானம்.

வாங்கியது மார்கழியில். மின்தடை 32 ஓம்தான், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டியதில்லை. கப்பில் சாதாரண 3.5 மி.மீ. துளைதான், அதனால் வி-மோடா பூம்ப்ரோ மைக்கை நேராகச் செருகினால் முழு ஹெட்செட் தயார். (சென்ஹைசர் எச்டி 560எஸ் மேலும் ஒரு கண் இருந்தது. அதில் கப் பக்கம் 2.5 மி.மீ., திருகிப் பூட்டுகிற ரகம். பூம்ப்ரோ நுழையாது. விட்டுவிட்டேன்.) சென்னையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிகிற அந்த நாலைந்து வாரமும் சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் சுவருக்குப் பின்னால் ஓடுகிறவன் காலடி எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி கேட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் ஓப்பன் பேக் புராணம் பாடினேன்.

பங்குனி பிறந்ததும் கேமில் பின்னாலிருந்து சுடப்பட்டுச் செத்துக்கொண்டே இருந்தேன். கேம் அப்டேட்டைத் திட்டினேன். கேமின் ஒலி செட்டிங்கில் ஈக்யூவை நேச்சுரலில் இருந்து கிரிஸ்ப்புக்கு மாற்றினேன், இடது வலதைப் பிரிக்கிற எல்/ஆர் ஐசொலேஷனை ஏற்றி இறக்கினேன். ஒன்றும் சரிப்படவில்லை. ஒரு நாள் கரண்ட் போய், யூபிஎஸ் புண்ணியத்தில் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்த இரண்டு நிமிடத்தில், ஃபேன் மெல்ல நிற்க நிற்கக் காலடிச் சத்தம் மேலே எழுந்து வந்தது. அட!

அப்புறம் முறையாகச் சோதித்தேன். தம்பியை ஹாலில் லேப்டாப்போடு உட்காரவைத்து, வேறு யாரும் வராத தனி லாபியில் சிஎஸ்2-வின் நியூக் மேப். நான் குண்டு வைக்கிற ஏ சைட்டில் கண்ணை மூடி நிற்பேன். அவன் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து ஓடி வருவான், நான் திசையைச் சொல்ல வேண்டும். இருபது தடவை. ஃபேன் இல்லாமல் ஓப்பனில் 16 சரி, பழைய க்ளோஸ்டு (பின்பக்கம் மூடிய) ஹெட்செட்டில் 15. ஃபேன் நாலில் ஓடும்போது ஓப்பனில் 9, க்ளோஸ்டில் 14. "அண்ணா, இன்னும் எத்தனை தடவை ஓடணும்?" என்று அவன் கேட்க, பரோட்டாவில் ஒப்பந்தம் முடிந்தது.

முதல் ஜோடி எண்களைப் பாருங்கள். அமைதியான அறையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. யோசித்தால் நியாயம்தான். இடமா வலமா என்பது இரண்டு காதுக்கும் சத்தம் எட்டுகிற நேர இடைவெளியிலும் சத்த அளவின் வித்தியாசத்திலும் இருக்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, அதைக் கணக்கிட்டு அனுப்புவது கேம். எந்த ஹெட்போனும் அதை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மேலா கீழா என்பது காது மடலின் மடிப்புகள் செய்கிற வேலை. அந்த வேலையைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிற, கேமுக்குள் இருக்கும் எச்ஆர்டிஎஃப் யாரோ ஒருவர் காதுக்குச் செய்தது, என் காதுக்கு அல்ல. ஏ சைட்டும் பி சைட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிற நியூக்கில் இரண்டு ஹெட்செட்டும் ஒரே மாதிரி என்னை ஏமாற்றின.

வால்யூமைக் கூட்டினால் ஆயிற்றே என்பீர்கள். கூட்டினேன். காலடி கேட்டது, கூடவே ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கி வெடித்ததில் காது கொய்ங் என்றது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது காதுக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். ஃபேனோடு போட்டி போட்டு இதில் ஜெயிக்க முடியாது.

ஆக, க்ளோஸ்டுக்குத் திரும்பினேன். இங்கேதான் பெரிய தலைவலி. பழைய ஹெட்செட்டின் ரெக்ஸின் பேட் வியர்வையில் ஊறி, மீன் செதில் மாதிரி உதிர்ந்து காதெல்லாம் கறுப்பு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெல்வெட் பேட் ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டுவதற்குள் நகம் பெயர்ந்தது. பேடின் கீழ்ப் பக்க உதட்டை முதலில் கப்பின் பள்ளத்தில் நுழைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டின் முனையால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கடைசி இரண்டு அங்குலம் சத்தியமாக உள்ளே போகாது.

மாட்டியதும் காதுக்கு சுகம். ஆனால் ஃபேன் சத்தம் திரும்பி வந்துவிட்டது! துணி வழியே காற்று போகிறது, காற்று போனால் சத்தமும் போகும், பேஸும் ஒழுகும். போதாததற்கு காதில் மாட்டுகிற என் மூக்குக் கண்ணாடியின் தடித்த கை வேறு பேடைத் தூக்கிப் பிடிக்கிறது. அந்த இடத்தை விரலால் அழுத்தினால் ஃபேனின் உஸ்ஸ் பாதியாகக் குறைகிறது, விட்டால் திரும்பவும் உஸ்ஸ். ஒரு மணி நேரம் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காலேஜ் காலத்து மெல்லிய கம்பி ஃபிரேமைத் தேடி எடுத்து அதையே விளையாட்டுக் கண்ணாடி ஆக்கியிருக்கிறேன். பவர் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை.

ஓப்பனை விட்டதில் இழந்ததும் உண்டு. குக்கர் மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்கிற பொறுப்பு என்னுடையது. இப்போது விசிலே கேட்பதில்லை. என் குரலும் எனக்கே சரியாகக் கேட்காததால் கத்துகிறேனாம். "யாரோடடா சண்டை?" என்று அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் ஓப்பனில் எதிர்முனைக் குரல் கசிந்து மைக்கில் ஏறி, டீமில் எல்லோரும் "எக்கோ, எக்கோ" என்று புலம்பியது நின்றது.

ஐஇஎம் (காதுத் துளைக்குள் செருகுகிற இயர்போன்) வாங்கினால் என்ன என்ற அரிப்பும் வந்துவிட்டது. பெரிய போட்டிகளில் வீரர்கள் காதுக்குள் ஐஇஎம் போட்டு அதன்மேல் ஹெட்செட் போடுகிறார்கள். அரங்கக் கூச்சலைச் சமாளிக்கிற வழி, என் ஃபேனைச் சமாளிக்காதா? அது அடுத்த மாதச் சம்பளத்தில்.

இப்போதைக்கு, வெளி ஓரம் ரெக்ஸின், காது படுகிற இடம் மட்டும் துணி என்று ஒரு கலப்பு பேட் வந்திருக்கிறது. இடது பக்கம் மாட்டியாயிற்று. வலது பக்கம் மேலே ஒரு அங்குலம் இன்னும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, ஏடிஎம் கார்டு உடைந்துவிட்டது.