ஏரியோட அமைதியான முனைக்கு கயாக்ல போய்ட்டு இருக்கேன், இதுவரைக்கும் பாத்தது

நிறைய பெரிய ஏரிகள்ல ஒரு பக்கம் படகுத்துறை, மோட்டார் போட், கூட்டம், சத்தம்னு இருக்கும், அதுக்கு நேர் எதிர் முனைல ஆறு வந்து கலக்குற இடம் ஆள் நடமாட்டமே இல்லாம கிடக்கும். எனக்கு கயாக், அதாவது உக்காந்து துடுப்பு போட்டு ஓட்டுற ஒடுக்கமான சின்னப் படகு, கத்துக்கணும்னு ஆசை வந்ததே அந்த எதிர் முனைக்காகத்தான். இப்ப கொஞ்ச காலமா வேற எங்கயும் போகாம அங்கயே திரும்பத் திரும்பப் போய்ட்டு இருக்கேன். இதே மாதிரி போகணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

அந்த முனை ஏன் அமைதியா இருக்குன்னா ஒரே காரணம்தான், ஆழம் இல்லை. ஆறு காலங்காலமா கொண்டு வந்து கொட்டின வண்டல் அங்க பரவிக் கிடக்கு, அதுல பாசி, அல்லி, கோரை, நாணல்னு வரிசையா முளைச்சிருக்கு. மோட்டார் போட் உள்ள வந்தா ப்ரொப்பெல்லர்ல பாசி சுத்திக்கும், இல்லைனா சேத்துல மாட்டும், அதனால அவங்க வர்றதில்லை. கயாக்குக்கு 10-15 சென்டிமீட்டர் தண்ணி இருந்தாலே போதும், மிதந்துடும். ஆர்க்டிக் பக்கத்து மக்கள் சீல் தோலைப் போர்த்திக் கட்டின ஆதி கயாக்கே சத்தமில்லாம வேட்டை மிருகத்துக்குப் பக்கத்துல போறதுக்குத்தானே. அங்க நான் கத்துக்கிட்ட எல்லாமே சுத்தி சுத்தி இந்த ஆழமில்லாத விஷயத்துலதான் வந்து நிக்குது.

போய்ச் சேர்றதே முதல் வேலை. நடு ஏரியைக் குறுக்கால வெட்டிப் போனா தூரம் மிச்சமாகும், ஆனா நான் கரையை ஒட்டியே போறேன், கவுந்தா நீந்திக் கரை சேர முடியுற தூரத்துக்குள்ள. லைஃப் ஜாக்கெட் எப்பவும் உடம்புல, விசில் அதுலயே கட்டியிருக்கும். நிதானமா துடுப்பு போட்டா மணிக்கு 5 கிமீ கிட்ட போகலாம், எதிர்க்காத்து வந்துட்டா அது பாதியாகிடும். அலை எவ்வளவு பெருசா வரும்ங்கறதுக்கு மூணு விஷயம் சேரணும், காத்தோட வேகம், எவ்வளவு நேரமா அடிக்குது, தடையே இல்லாம எவ்வளவு தூரம் தண்ணி மேல ஓடி வருது. நீளமான ஏரில காத்து நீளவாக்குல அடிச்சா அந்த மூணாவது விஷயம் முழுசா கிடைச்சுடும், படகுத்துறைல சின்னச் சின்னதா சலசலக்குற தண்ணி எதிர் முனைக்கு வரும்போது வேற ஆளா இருக்கும். தண்ணி மேல அங்கங்க வெள்ளை நுரை தலைகாட்ட ஆரம்பிச்சா காத்து மணிக்கு 12-ல இருந்து 19 கிமீக்குள்ள இருக்குன்னு அர்த்தம், காத்தோட பலத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவுல 3. அதான் நான் வெச்சிருக்கிற எல்லை, அதுக்கு மேல கரை ஏறிடுவேன். வெயில் ஏறி நிலம் சூடானதும் ஏரில இருந்து கரைப்பக்கமா காத்து கிளம்பும், அதனால விடியும்போதே கிளம்பிடுறேன்.

இன்னொண்ணு, ஆழமில்லாத இடத்துல அலை சாதுவா இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உண்மை அதுக்கு நேர்மாறு. ஆழத்துல அகலமா தூக்கி இறக்கிட்டு வர்ற அலை, தரை கிட்ட வர வர வேகம் குறைஞ்சு ஒண்ணை ஒண்ணு நெருங்கி செங்குத்தா நிமிரும். வட அமெரிக்காவோட அஞ்சு பெரிய ஏரில ஈரி ஏரிதான் ஆழம் கம்மி, சராசரி 19 மீட்டர்தான், அதான் அங்க அலை சட்டுனு கிளம்பி குட்டையா செங்குத்தா அடிக்கும். இதுக்காகவே லோ பிரேஸ் நல்லா பழகினேன், துடுப்போட பின்பக்கத்தைத் தண்ணி மேல படுக்கவெச்சு ஊணி, இடுப்பை அசைச்சு படகை நிமித்துறது. கைக்கு அது தானா வர்ற வரைக்கும் இடுப்பளவு தண்ணிலயே பழகினேன், இப்ப பக்கத்துல இருந்து அலை வந்தாலும் தோள் இறுகுறதில்லை.

காத்து இருக்குற நாள்ல தண்ணி மேல நீளநீளமா நுரைக்கோடு ஓடுறதைப் பாத்திருப்பீங்க. இர்விங் லாங்மூர்ங்கற விஞ்ஞானி 1927-ல அட்லாண்டிக்ல சர்காசோ கடல் வழியா போகும்போது கடல்பாசி அப்படி வரிசை கட்டி நிக்கிறதைப் பாத்துட்டு, அப்பறம் லேக் ஜார்ஜ் ஏரில சோதனை பண்ணி 1938-ல காரணத்தை எழுதினார். மேல்தண்ணி காத்துத் திசையிலயே நீளமான உருளைகளா சுழலுது, ரெண்டு சுழல் சேந்து கீழ இறங்குற கோட்டுல நுரை, இலை, பூச்சி எல்லாம் ஒதுங்குது. எனக்கு இது ரொம்ப உபயோகமா இருக்கு, கோட்டைப் பாத்தாலே காத்து எந்தத் திசைல ஓடுதுன்னு துல்லியமா தெரிஞ்சுடும், முகத்துல படுற காத்து நம்ம படகு வேகத்தோட கலந்து ஏமாத்தும்.

இப்ப உள்ள போறது. கோரை ஆரம்பிக்கிற இடத்துல ஸ்கெக்கை, அதாவது படகு நேரா போக பின்பக்க அடில நீட்டியிருக்குற தகடை, மேல தூக்கிடுறேன், ரட்டர் (சுக்கான்) வெச்ச படகா இருந்தா அதையும் தூக்கிடணும், இல்லைனா பாசியை இழுத்துக்கிட்டே வருவோம், ஏன் படகு நகரலைன்னே புரியாது. துடுப்பை செங்குத்தா ஆழமா இறக்காம படுத்த வாக்குல மேலோட்டமா போடணும், வெளிய எடுக்கும்போது அலகை பக்கவாட்டுல சீவி எடுத்தா பாசி ஒட்டாது. அல்லி இலை நடுவுல வேகமா போகணும்னு நினைக்கிறதே வீண், நாலு தடவை துடுப்பு போட்டுட்டு சும்மா வழுக்க விட்டா அதுவே போகும். தரை தட்டுற இடத்துல மட்டும் இறங்கி நடக்கலாம்னு யாரும் நினைச்சுடாதீங்க, வண்டல் சேறு பாக்க கெட்டியா தெரியும், கால் வெச்சா முட்டி வரைக்கும் உள்ள இழுக்கும். வந்த வழியே பின்னாடி துடுப்பு போட்டு வெளிய வர்றதுதான் சரி.

ஆறு வாய் கிட்ட ஒரு கோடு தெரியும், இந்தப் பக்கம் கலங்கல், அந்தப் பக்கம் தெளிவு, நடுவுல குச்சியும் இலையும் வரிசையா மிதந்துட்டு இருக்கும். கயிறுல கட்டின தெர்மாமீட்டரை ரெண்டு பக்கமும் விட்டுப் பாத்தேன், ஆத்துத்தண்ணி நல்ல குளிர்ச்சி. குளிர்ந்த, மண் சுமந்த தண்ணி கனமா இருக்கறதால அந்தக் கோட்டுலயே ஏரிக்கு அடியில இறங்கிடுது, மேல மிதக்குறது மட்டும் அங்க தங்கிடுது. ஜெனிவா ஏரில ரோன் ஆறு இப்படித்தான் அடியில போய் ஏரித்தரைல பள்ளமே வெட்டி வெச்சிருக்கு, அதை 19-ம் நூற்றாண்டுல ஆராய்ஞ்சவர் ஃபொரெல்ங்கற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி.

அதே ஃபொரெல் ஆராய்ஞ்ச இன்னொரு விஷயம் எனக்கு நேரடியா உதவுச்சு. காத்து ஒரே பக்கமா அடிச்சா தண்ணி அந்த முனைல ஏறி நிக்கும், காத்து நின்னதும் திரும்பி ஓடி, ஏரி முழுக்க தொட்டித் தண்ணி மாதிரி முன்னும் பின்னும் ஆடும். இதுக்கு சேஷ்னு பேரு. ஜெனிவா ஏரில நீளவாக்குல ஒரு ஆட்டத்துக்கு சுமார் 73 நிமிஷம். ஈரி ஏரில பலத்த காத்துல ரெண்டு முனைக்கும் நீர்மட்ட வித்தியாசம் 2 மீட்டருக்கு மேலயே போயிருக்கு. நான் போற முனைல பழைய மரத்தூண் ஒண்ணு தண்ணிக்குள்ள நிக்குது, அதுல ஈரக்கோடு எங்க இருக்குன்னு போகும்போதும் வரும்போதும் பாப்பேன். சில விரக்கடை வித்தியாசம்தான், ஆனா ஒரு சாண் தண்ணில மிதக்குற படகுக்கு அது பெரிய விஷயம். முந்தின நாள் காத்து அந்த முனைப் பக்கமா அடிச்சு ஓய்ஞ்சிருந்தா குறுகலான வாய்க்காலுக்குள்ள போறதில்லை, தண்ணி வடிஞ்சா வெளிய வர்றது கஷ்டம்.

தெளிவு அளக்க செக்கி தட்டு ஒண்ணு செஞ்சேன். 20 செமீ வட்டத் தட்டு, நாலா பிரிச்சு கருப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி பெயின்ட், அடில எடை, 10 செமீக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, அவ்வளவுதான். ஆஞ்சலோ செக்கிங்கற பாதிரியார் 1865-ல மத்தியதரைக் கடல்ல முயற்சி பண்ணின முறை இது. படகோட நிழல் விழுற பக்கமா இறக்கி, தட்டு மறையுற ஆழத்தைக் குறிக்கணும். நான் எதிர்பாக்காதது, ஆறு வாயை விட கோரைக்குள்ள தண்ணி தெளிவா இருந்துச்சு. தண்டுகள் நடுவுல தண்ணி ஓட்டம் செத்துப்போய் மண் கீழ படிஞ்சுடுது. ஹங்கேரில பாலட்டன் ஏரியோட கதை இதேதான், சலா ஆறு வந்து சேர்ற முனைல குட்டி பாலட்டன்னு பெரிய சதுப்பு இருந்துச்சு, ஏரி மட்டத்தை இறக்கி அதை வத்த வெச்சதும் ஆத்தோட கழிவும் உரமும் நேரா ஏரிக்கே வந்து தண்ணி பச்சையாச்சு, 1980-கள்ல அந்தச் சதுப்பைத் திரும்ப உண்டாக்க வேண்டியதாச்சு. அதைப் படிச்சதுல இருந்து கோரைத் தண்டை ஒடிச்சு வழி பண்ணிட்டுப் போறவங்களைப் பாத்தா கோவம் வருது.

பறவை விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. முக்குளிப்பான் கூடு தண்ணி மேல மிதக்குறது, சுத்தி இருக்குற தண்டோட கட்டியிருக்கும், தாய்ப்பறவை விலகும்போது முட்டை மேல பாசியை இழுத்துப் போட்டு மூடிட்டுப் போகும். அதனால வெறும் பாசிக் குவியல்னு நினைச்சு உரசிடக் கூடாது. நாரை கழுத்தை நீட்டி நிமிந்து பாத்தாலே நம்ம வந்தது அதிகம்னு அர்த்தம், உடனே நிறுத்தி பின்வாங்கணும். மூக்கை நேரா அதுங்க பக்கம் காட்டாம சாய்வா கடந்து போனா அவ்வளவா பயப்படுறதில்லை. கூடு கட்டுற காலத்துல சில ஏரிகள்ல இந்தப் பகுதியையே மூடி வைப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

கரை ஏறினதும் படகு, துடுப்பு, செருப்பு எல்லாத்துலயும் ஒட்டின பாசியை எடுத்துட்டு, உள்ள இருக்குற தண்ணியைக் கவுத்து, நல்லா காய வெச்சுதான் வேற ஏரிக்குக் கொண்டுபோவேன். ஹைட்ரில்லா மாதிரி பாசி ஒரு துண்டு போதும், புது இடத்துல தழைச்சுடும். இப்படி வெளிய இருந்து வந்து பரவுற வரிச்சிப்பிகள் (ஸீப்ரா மஸல்) 1988-ல வட அமெரிக்கால செயின்ட் கிளேர் ஏரில முதல்ல கண்ணுல பட்டு, கொஞ்ச வருஷத்துலயே அஞ்சு பெரிய ஏரிக்கும் பரவிடுச்சு.

அடுத்து அந்த முனையோட ஆழத்தை ஒரு வரைபடமா போடப்போறேன். துடுப்புத் தண்டுல 10 செமீக்கு ஒரு டேப் சுத்தி வெச்சிருக்கேன், ஜிபிஎஸ்ல இடத்தைக் குறிச்சு கோடு கோடா போய் அளக்கணும், தூண்ல இருக்குற ஈரக்கோட்டை வெச்சு அன்னன்னைக்கு நீர்மட்டத்தைச் சரிபண்ணிக்கலாம். பாசி அழுகி அடங்குற பருவத்துல ஆரம்பிச்சா தரை நல்லா தட்டுப்படும்னு நினைக்கிறேன். தண்ணி குளிரா இருக்கும், அதுக்கு வெட்சூட் தேடிட்டு இருக்கேன்.