மேட்டுப்பாத்தியில் தேங்கிய தண்ணீரை வடியவிட்ட அனுபவம்

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோதே தோட்டத்தில் ஒரு மேட்டுப்பாத்தி இருந்தது. நான்கு பக்கமும் பலகை அடித்து, 25 செ.மீ. உயரம். மேட்டுப்பாத்தியில் தண்ணீர் தேங்காது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இதிலோ ஒரு நல்ல மழை பெய்தால் மறுநாளும் கை வைத்த இடம் புதையும். மிளகாய்ச் செடிகளில் அடி இலைகள் மஞ்சளாகின, மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டது.

ஈர மண்ணில் செடி வாடினால் அதற்குக் குறைவது காற்று. ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. காற்றில்லாத வேரால் தண்ணீரையும் சரியாக உறிஞ்ச முடியாது. வேரழுகல் நோய்க்கும் அதுதான் தோதான நேரம்.

மேலே எதையாவது போட்டுச் சமாளிப்பதைவிடத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று ஓரத்தில் குழி எடுத்தேன். மேல்மண் கறுப்பாக, பொலபொலவென்று நன்றாகவே இருந்தது. கீழே போகப் போகச் சேறு. அப்புறம் சாம்பல் நிறமும் அழுகிய முட்டை நாற்றமும். காற்று போகாத மண்ணில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் அது. அதற்கும் கீழே ஒரு துணி விரிப்பு, நாலு விரல் உயரத்துக்கு ஜல்லி, அப்புறம் இறுகிய களிமண்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்ற யோசனை எங்கும் சொல்லப்படுகிறது. உண்மையில் நடப்பது நேர்மாறு. மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுப்பு கிடையாது. அதனால் மேலே உள்ள மண் ஊறி நிறையும்வரை ஒரு சொட்டும் ஜல்லிக்குள் இறங்காது. நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகு நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மறுபடி சொட்டும். அடியில் தண்ணீர் நிற்கும் உயரம் அதேதான், ஆனால் அதற்கு மேல் வடியக்கூடிய ஆழம் கூடிவிட்டது. பாத்தியில் ஜல்லி செய்தது இதற்கு எதிரான வேலை: மண்ணின் ஆழத்தைக் குறைத்து, ஊறிய பகுதியை வேருக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. துணியின் துளைகளையும் வண்டல் அடைத்திருந்தது.

அடுத்து, கீழே உள்ள களிமண் எவ்வளவு தண்ணீர் வாங்கும் என்று தெரிய வேண்டும். பாத்திக்குப் பக்கத்திலேயே 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, குச்சி வைத்து அளந்தேன். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதும். இங்கே 1 செ.மீ. கூட இறங்கவில்லை. ஆக, ஜல்லியை மட்டும் எடுத்தால் போதாது, தண்ணீர் வெளியே போகவும் ஒரு வழி வேண்டும்.

செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றி, மண்ணை ஒரு பக்கம் குவித்து, துணியையும் ஜல்லியையும் எடுத்தேன். களிமண்ணை உடனே தொடவில்லை. ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கிளறினாலோ இன்னும் இறுகிவிடும். ஒரு பிடி எடுத்து உருட்டி, விரலால் தட்டினால் உதிரும் பதம் வரும்வரை பொறுத்தேன். பிறகு கடப்பாரையால் குத்தி நெம்பி, மட்கிய உரத்தைக் கலந்து, அதன்மேல் பழைய மண்ணைப் பரப்பினேன். இரண்டு மண்ணும் சந்திக்கும் இடம் கோடு போட்டதுபோல் இருக்கக் கூடாது, ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நான் அதிகம் மெனக்கெட்டது இதற்குத்தான். மணல் சேர்க்கவில்லை. களிமண்ணில் கொஞ்சமாகக் கலக்கும் மணல் பலன் தராது, காய்ந்ததும் மண் கெட்டியாகிவிடும்.

எடுத்த ஜல்லி வீணாகவில்லை. பாத்தியின் தாழ்ந்த பக்கத்தை ஒட்டி, பாத்தியின் அடிமட்டத்தைவிட ஆழமாகக் கால்வாய் வெட்டி, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துச் சுற்றிலும் ஜல்லியை நிரப்பினேன். சரிவு மீட்டருக்கு 1 செ.மீ. குழாயின் மறுமுனை தோட்டத்தின் பள்ளமான பக்கத்தில், சுவர்களிலிருந்து தள்ளித் திறக்கிறது. பக்கவாட்டில் கால்வாயாக இருக்கும்போது இதே ஜல்லி நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே சேரும் தண்ணீருக்குப் போக இடம் இருக்கிறது.

அதன்பிறகு கனமழை பெய்துவிட்டது. சில மணி நேரத்தில் குழாய் முனையில் தண்ணீர் ஒழுகியது, மறுநாள் காலை மேல்மண் கையில் உதிர்ந்தது. திரும்ப நட்ட மிளகாயில் புதுத் துளிர் வந்திருக்கிறது. மண் படிந்து சற்று இறங்கியிருப்பதால் மேலே மட்கு சேர்க்க வேண்டும். குழாய்க்கு எதிர் மூலை மட்டும் இன்னும் மெதுவாகத்தான் வடிகிறது. அங்கே ஈரத்தைத் தாங்கும் சேப்பங்கிழங்கு வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்திலும் அப்படியே இருந்தால் கால்வாயை அந்தப் பக்கம்வரை நீட்டிவிடுவேன்.