கைக்கு எவ்வளவு போகிறது?

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் சம்பளம் போட்டுப் பழகிய கை. அப்படியிருந்தும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க எனக்கு ஐந்து மாசம் ஆயிற்று.

போன வருஷம் ஆடியில் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறல், ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரியும். பதினெட்டு நாள் கழித்து மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் போடுங்க, இல்லன்னா புண்ணு வந்துடும்" என்றார் நர்ஸ். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வேலூர் சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு வீடு. மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர், எனக்குக் காலை எட்டு மணி பஸ், பையன் பத்தாவது. தங்கை குடியாத்தத்தில், தம்பி பெங்களூரில். யார் திருப்பிப் போடுவது?

வேலூரில் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜும் மருந்துக்கடையுமாக வளர்ந்த ஊர் இது. விசாரித்த அன்றே மூன்று ஏஜென்சி நம்பர் கிடைத்தது. ஒருவர் போனில், "ஆயா வேணுமா, நர்ஸ் வேணுமா?" என்றார். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. பக்கத்தில் இருந்த பையன், "ஆயாவுக்கு ஆயாவா?" என்றான். அந்த மாசத்தில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

நர்ஸ் வைத்தால் இரண்டு மடங்கு. ஆயாவே போதும், குழாய் மாற்ற மட்டும் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். 24 மணி நேரத்துக்கு மாசம் 24,000, பதிவுக் கட்டணம் 3,000, ஒரு மாச முன்பணம், சாப்பாடும் தங்க இடமும் நம் பொறுப்பு. டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று, ஒன்று 40 ரூபாய் என்று மாசம் 3,600. குழாயில் கொடுக்கும் பவுடர், பால், மருந்து, கட்டில் வாடகை எல்லாம் சேர்த்து 38,000-ஐத் தொட்டது. காற்று மெத்தை வாங்கியது தனி.

மெடிக்ளெயிம் ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைக் கொடுத்தது. ஆயா சம்பளத்துக்கு ஒரு பைசா கிடையாது. 70 வயது நிறைந்தவர்களுக்கான 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான். படுக்கை வீட்டுக்கு வந்துவிட்டால் செலவும் நம்முடையது. ஒரே ஆறுதல், மக்களைத் தேடி மருத்துவம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில், சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். மடங்கிக்கொண்டிருந்த விரல்களை எப்படி நீவி விரிப்பது என்று பையனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் எல்லோரையும்விட அவன் ஒழுங்காகச் செய்கிறான்.

ஐந்து மாசத்தில் நான்கு பேர் மாறினார்கள். முதல் அம்மா பதினொரு நாள். இரண்டாவது பெண்ணுக்குத் தீபாவளி வந்துவிட்டது. மூன்றாவது ஆள் இருந்தபோதுதான் அம்மாவின் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடிப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை, படுக்கைப் புண்ணின் ஆரம்பம். ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறார். கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. பகலெல்லாம் வேலை செய்தவர் ராத்திரி எப்படி இரண்டு மணிக்கொருதரம் எழுந்திருப்பார்? கம்பெனியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஓ.டி. போடுகிறவன், என் வீட்டில் 24 மணி நேரம் என்று பில்லில் அச்சடித்திருந்ததை அப்படியே நம்பிவிட்டேன்.

நான்காவது பெண் ஒரு நாள் மொட்டைமாடியில் போனில் அழுதுகொண்டிருந்தார். என்னம்மா என்றால், "கைக்குப் பதிமூணுதான் வருது சார், அதுவும் லேட்டு" என்றார். 24-இல் 13. ஏஜென்சி லாபம் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆள் தேடவும் மாற்று ஆள் அனுப்பவும் செலவு இருக்கும். ஆனால் விசாரித்து அனுப்புகிறோம் என்று சொன்ன விசாரணை ஒரு ஆதார் ஜெராக்ஸ்தான். மாசம் 11,000 எதற்கு என்று கேட்டேன். "அது எங்க இன்டர்னல் மேட்டர் சார்" என்றார்கள். அந்தப் பெண்ணும் சென்னைக்குப் போய்விட்டார்.

மருந்துக்கடைக்காரர் மூலமாக ஒடுகத்தூர் பக்கத்து அக்கா ஒருவர் மார்கழியில் வந்தார். ஆஸ்பத்திரி வேலையில் பழகியவர். இந்தத் தடவை நேரடியாகப் பேசி, லாங் சைஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினோம். சம்பளம் 19,000, ஒண்ணாம் தேதி. மாசம் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. ராத்திரி பத்தரை முதல் நாலரை வரை அவரை எழுப்பக் கூடாது. அந்த நேரத்தில் திருப்பிப் போடுவது நானும் மனைவியும். மீதிப் பக்கங்களில் அவரே எழுதுகிறார்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம், சிறுநீர் எவ்வளவு, மலம் போனதா. என் ஆபீஸ் லெட்ஜர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. குதிகால் மெத்தையில் படாமல் காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

நேரடியாக வைத்தால் மாற்று ஆள் கிடையாது. தை மாசம் அவருக்கு நான்கு நாள் காய்ச்சல், தங்கைதான் குடியாத்தத்திலிருந்து ஓடி வந்தாள். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினோம், 80 சதவீதத்துக்கு மேல். அதை வைத்து, வரி போடும் வருமானத்தில் 1,25,000 ரூபாய் கழிவு, உண்மையில் எவ்வளவு செலவானாலும் இதே தொகைதான். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். நான் பழைய முறை, தம்பி புதிய முறை. அதனால் அவனுக்கு ஒரு மனக்குறை.

பங்குனியில் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அம்மா முதலில் கேட்டது முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. வாய் குழறினாலும் அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. அக்கா காம்பையும் தோலையும் எடுத்து, சோற்றோடு குழையப் பிசைந்து, நிமிர்த்தி உட்கார வைத்து அரை ஸ்பூன் கொடுத்தார். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரை ஸ்பூன். எட்டு ஸ்பூனுக்கு முக்கால் மணி நேரம். நானாக இருந்தால் மூன்றாவது ஸ்பூனிலேயே அவசரப்பட்டிருப்பேன்.

போன வாரம், "அண்ணா, ரெண்டாயிரம் ஏத்திக் குடுங்க" என்று கேட்டார். ஒடுகத்தூரில் அவருடைய மாமியாரும் படுத்த படுக்கைதானாம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நாளைக்கு நூறு ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். தங்கை உடனே சரி என்று அனுப்பிவிட்டாள். தம்பி பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நோட்டில் 21,000 என்று எழுதிவிட்டேன்.