சுங்கை சிப்புட்டில் இறங்குங்கள்

நூற்றிருபது வெள்ளி (ரிங்கிட்)! மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து லிந்தாங் பக்கம் எல்பில் தோட்டம் வரை போய், அங்கே அரை மணி நேரம் நின்று திரும்பிவர ஒரு வாடகைக் கார்க்காரர் கேட்ட தொகை இது. ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் காசுக்கு ஈப்போவில் ஓர் இரவு நல்ல அறையே கிடைக்கும். "அந்தப் பக்கம் சவாரி கிடைக்காது தம்பி, வண்டி காலியாத்தான் திரும்பணும்" என்றார். திரும்பும்போதும் நான்தானே உட்கார்ந்து வரப்போகிறேன் என்று கேட்டேன். பதில் இல்லை. பேசிப் பேசி எண்பதுக்கு வந்தார். அதுவும் அதிகம்தான். செயலியில் தேடிப் பார்த்தால் அந்த நேரத்தில் ஒரு வண்டியும் இல்லை, வேறு வழியும் இல்லை. நீங்கள் போனால் ஏறுவதற்கு முன்பே போக, வர, நிற்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் பஸ். ஈப்போ மேடான் கிட்டில் கோலாகங்சார் பஸ் ஏறினால் சுங்கை சிப்புட்டில் இறங்கிக்கொள்ளலாம். முப்பது கிலோமீட்டர் அளவுதான் தூரம். ஆனால் நான் ஏறிய பஸ்ஸில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியபடி இருந்தது. சன்னலோர இருக்கைகள் முழுக்க ஈரம். பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், தினமும் இப்படித்தானாம். ஓட்டுநர் கிளம்பும் நேரம் சொல்லவில்லை. வண்டி நிறைந்ததும் கிளம்பினார். கட்டணம் என்னவோ சில வெள்ளிதான், ஆனால் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை நனைய வைத்துக் கூட்டிப் போகும் பஸ்ஸுக்கு அந்தச் சில வெள்ளியும் கொடுக்க மனசு வரவில்லை.

சரி, எதற்காக அங்கே போனேன்? ஜொகூரிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு சுங்கை சிப்புட் என்றால் நெடுஞ்சாலையில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஈப்போவில் சாப்பாடு, தைப்பிங்கில் ஏரி, அப்புறம் நேராகப் பினாங்கு. ஆனால் இந்த நாட்டுச் சரித்திரம் 1948இல் திரும்பிய இடம் இந்த ஊர்தான். அந்த ஆண்டு ஜூன் 16 காலை, எல்பில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மூன்று பேர் வாக்கர் என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையைச் சுட்டுக் கொன்றார்கள். அதே காலையில், பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆலிசன், கிறிஸ்டியன் என்ற இன்னும் இரண்டு துரைமார் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிய 1960 ஆனது.

பள்ளிக்கூடத்தில் இதுவரைக்கும்தான் படித்தோம். தோட்டத்து ஜனங்களுக்கு அந்தப் பன்னிரண்டு வருஷம் எப்படிப் போனது என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன்.

எல்பில் போகும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை, நடுவில் சின்னத் துண்டாகப் பால்மரங்கள் (ரப்பர்), மறுபடியும் செம்பனை. லாரியிலிருந்து சிந்திய பழங்கள் ரோட்டில் நசுங்கி ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக் கிடந்தன. குலையை வெட்டினால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். அந்த லாரிகள் அப்படிப் பறப்பது அதனால்தான். ஒதுங்கி நில்லுங்கள்.

ஒரு மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த சீமெண்டு பெஞ்சில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவசரகாலத்தில் சின்னப் பையன். "சாவுச் சேதியெல்லாம் எனக்குத் தெரியாது, பசிதான் தெரியும்" என்று ஆரம்பித்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வெளியே போகும்போது வாசலில் சோதனை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போகக்கூடாதென்று அரிசிக்குப் பங்கீடு. பால் வெட்டப் போகிற அவர் அம்மா கையில் சோறு கொண்டுபோக முடியாது. கடையில் சார்டின் டப்பா வாங்கினால் அங்கேயே ஆணியால் துளை போட்டுத்தான் கொடுப்பார்களாம், சேர்த்து வைக்க முடியாமல் அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும் என்பதற்காக. இதைச் சொல்லும்போது கட்டை விரலால் பெஞ்சில் குத்திக் குத்திக் காட்டினார். "எங்கம்மா காலையில வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயி, மதியம் பால் எடை போட்ட பிறகுதான் வந்து சாப்பிடும்." ராத்திரியில் காட்டுக்காரர்கள் வந்து அரிசி கேட்பார்கள், பகலில் பட்டாளத்தார் வந்து ராத்திரி யார் வந்தது என்று கேட்பார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள் தோட்டத்துத் தமிழர்கள்தான்.

தொழிற்சங்கமும் அந்த நேரத்தில்தான் நொறுங்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இரண்டு பெயரையும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறதென்று.

கொல்லப்பட்ட மூன்று துரைமாரின் கல்லறைகள் பத்துகாஜாவில் இருக்கின்றன. புல் வெட்டி, பெயர் பொறித்து, ஜூன் மாதம் மரியாதை செய்து நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அது சரிதான், இறந்தவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும். ஆனால் தாத்தா கை காட்டிய தோட்டத்துச் சுடுகாட்டில் செம்பனை மட்டைகளுக்கு நடுவில் மேடு எது, பள்ளம் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருடைய அம்மா அங்கேதான் எங்கோ இருக்கிறார். "அந்த மூணாவது நிரைன்னு நினைக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தகரப் பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நிலத்தை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், சுடுகாடு யார் கணக்கிலும் வருவதில்லை.

பட்டணத்துக்குத் திரும்பியபோது வயிறு காந்தியது. பிரதான சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை இல்லை. வாழையிலைச் சாப்பாடு, பீர்க்கங்காய்க் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, ஆட்டு வறுவல். அந்த ஆட்டு வறுவலைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதாவிட்டால் பாவம். எலும்போடு சேர்த்து வெட்டிய கறி, மிளகு தூக்கல், கருவேப்பிலை முறுகி இலையில் ஒட்டியிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் கருகவிட்டிருந்தார்கள், தெரிந்தே செய்தது அது. கடைக்கார அக்கா என் இலையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ரசத்தை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தார். "வெளியூரா தம்பி? நல்லாச் சாப்பிடுங்க, சோறு இருக்கு." வறுவலோடு சேர்த்துப் பதினான்கு வெள்ளி! கோலாலம்பூரில் இதே சாப்பாட்டுக்கு முப்பது வாங்குகிறார்கள், கறியில் பாதி கொழுப்பு. கார்க்காரர் வாங்கிய எண்பதின் எரிச்சல் இங்கேதான் கொஞ்சம் தணிந்தது. மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் வறுவல் தீர்ந்துவிடும், முன்னாடியே போங்கள்.

ரப்பர் பால்வெட்டைப் பார்க்க வழி செய்து கொடுத்ததும் அந்த அக்காதான். அவருடைய பெரியம்மா தோட்டம் மூடிய பிறகும் ஒரு தனியாரின் சின்னக் காட்டில் பால் வெட்டுகிறார். விடியுமுன் அஞ்சரைக்கு வந்துவிடு என்றார், போனேன். தலையில் விளக்கு கட்டியிருந்தார், இடுப்பில் கொசுவர்த்தி தொங்கியது.

முதலில் வெட்டுக்காயத்தில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி, நூலாக உரித்து, பைக்குள் போட்டார். பிறகு உளியை வைத்து இடது மேலிலிருந்து வலது கீழுக்கு ஒரே இழுப்பு. பட்டையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவி விழுந்தது. அந்தச் சரிவுக்குக் காரணம் இருக்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். கொஞ்சம் ஆழம் கூடினால் உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டு, மரம் முண்டு முண்டாகிவிடும், அந்த இடத்தில் பிறகு வெட்ட முடியாது. "கை அறியும் தம்பி, கண்ணு வேணாம்" என்றார். இருட்டில் வெட்டுவதும் காரணத்தோடுதான். ராத்திரியில் மரத்துக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும், பால் வேகமாக வழியும். வெயில் ஏறி இலை நீரைக் கக்க ஆரம்பித்தால் அழுத்தம் இறங்கி, பால் நின்றுவிடும்.

பால் பிடிக்கும் மங்கில் முதல் சொட்டு விழுந்ததும் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார், நான்தான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் அவர் நடக்கிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. முன்பெல்லாம் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) இரண்டு வாளி தொங்கவிட்டுப் பாலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடப்பார்களாம். இப்போது மங்கிலேயே உறையவிட்டு, கட்டிப்பாலாக விற்கிறார். அந்த நாற்றம் பழகாதவர்களுக்குக் குமட்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கொசு பிடுங்கி எடுத்தது. பெரியம்மா சிரித்துக்கொண்டே, தன் சின்ன வயதில் வாரம் தவறாமல் ஒருவர் வந்து கால்வாயில் எண்ணெய் அடிப்பார் என்றார். அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் குறைத்தார். ஆனால் அதே வழி மலையோரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காய்ச்சல் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். காட்டை வெட்டி வெளிச்சம் விழ வைத்ததும் அது பெருகிவிட்டது. ரப்பர் நடக் காடு வெட்டிய கூலிகளே காய்ச்சலில் செத்தார்கள். பிறகுதான் ஓடைகளைப் பூமிக்கடியில் குழாயில் விடுவது, எண்ணெய் தெளிப்பது எல்லாம் வந்தன. கங்காணியை நம்பி வந்த நம் பாட்டன் பூட்டன்களில் எத்தனை பேர் முதல் வருஷத்தைத் தாண்டவில்லையோ!

மறுபடியும் பஸ் பிடித்துக் கோலாகங்சார் போனேன், இந்த முறை நனையவில்லை. 1877இல், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. 1876இல் விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கப் போட்டவை. அதில் முளைத்தவை கொஞ்சம், சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22, கோலாகங்சாருக்கு 9. அந்த ஒரு மரத்துக்கு வேலி உண்டு, விளக்கப் பலகை உண்டு. நல்லது. பக்கத்தில் நின்று பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மூன்றாவது நிரைதான் ஞாபகம் வந்தது.

சம்பந்தனைச் சொல்லாமல் விட முடியாது. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1919 ஜூன் 16. அவருடைய இருபத்தொன்பதாவது பிறந்த நாளில்தான் எல்பில் துப்பாக்கிச் சூடு. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்று, தொழிலாளர்கள் தெருவில் நின்றபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவர்களே தோட்டத்துப் பங்குதாரர்கள்! இதைவிடப் பெரிய சாதனை நம் சமூகத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து. சுங்கை சிப்புட்டில் 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை இன்னும் நடக்கிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், பள்ளி நேரத்தில் உள்ளே நுழைந்து தொந்தரவு செய்யவேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம். சில ரயில்கள் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கும், அந்த நேரம் பார்த்து டிக்கெட் எடுத்தால் பஸ் தொல்லையே இல்லை. பட்டணத்தில் அறைகள் எழுபது, எண்பது வெள்ளிக்குக் கிடைக்கும். சுத்தம் சுமார், தண்ணீர் வரும். பால்வெட்டு பார்க்க ஆசை என்றால் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள், மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்திருக்கும். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தாலும் பட்டை நனைந்து, வெட்ட மாட்டார்கள். போகும்போது பெரியவர்களுக்குப் பிஸ்கட்டோ பழமோ வாங்கிக்கொண்டு போங்கள். பேச உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், கார்க்காரர் வெளியே ஹாரன் அடித்தாலும் சரி.