கத்தார் போகிற பெடியனுக்கு

ஆகஸ்ட் 5, கொக்குவில்

பக்கத்து வீட்டுப் பெடியன் கத்தாருக்குப் போகிறான். ஏஜென்சி தந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "அண்ணை, ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றான். மின்சார வேலை, இரண்டு வருடம், மாதம் 1,200 ரியால், தங்குமிடம் கொம்பனியுடையது. சாப்பாடு யார் பொறுப்பு என்று ஒரு வரியும் இல்லை. 2021 மார்ச் முதல் அங்கே அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால். கொம்பனி சாப்பாடு கொடுக்காவிட்டால் அதற்கு மேலே 300 ரியால் தர வேண்டும். அதை எழுத்தில் கேள் என்றேன்.

"அங்க சங்கம் ஏதும் இருக்கோ தம்பி?" என்று கேட்டேன். "சங்கமெண்டு வாய் திறந்தா அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்களாம்" என்றான். கத்தார் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்கவோ சேரவோ இடம் கொடுப்பதில்லை. அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டானே, அதுதான் மனதை உறுத்துகிறது.

ஆகஸ்ட் 8

இரண்டு நாளாக மலாயாதான் (இன்றைய மலேசியா) தலைக்குள் ஓடுகிறது. நம் ஊரில் மலாயன் பென்ஷனியர் இல்லாத ஒழுங்கை ஒரு காலத்தில் இல்லை. ரயில்வே, தபால், திறைசேரி, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) என்று உத்தியோகத்துக்குப் போனவர்கள். அந்தப் பணத்தில் எழுந்த நாற்சார் வீடுகளை இன்றும் காட்டுவோம். அதே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழர்கள். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் கதை இல்லை.

1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அவர்களை ஒன்று சேர்த்தார். கோரிக்கைகளை வாசித்தால் நெஞ்சு கனக்கும்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை. அப்புறம் இன்னொன்று: துரைக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை.

அந்தக் கிராணிமாரில் மலையாளிகளும் இருந்தார்கள், நம் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். அவர்களைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனும் தமிழன்தான். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாம் வெளிநாட்டுக்குப் போன கதையை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 9

கணபதியைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் பிறந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் ஆங்கிலேய ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது.

ஆகஸ்ட் 13

நல்லூர்த் திருவிழாவுக்குச் சுவிஸ் சித்தப்பா வந்திருக்கிறார். எண்பதுகளில் அகதியாகப் போய், பேர்ணில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவர். பெடியனையும் கூப்பிட்டு வைத்துக் கதைத்தோம்.

சுவிசில் உணவக வேலைக்கு நாடு முழுவதற்கும் ஒரே கூட்டு ஒப்பந்தம். பொதுவாக வாரம் 42 மணித்தியாலம், வருடம் ஐந்து கிழமை விடுமுறை, பதின்மூன்றாம் மாதச் சம்பளம். தொழிற்சங்கங்கள் முதலாளிமாரோடு பேசிப் பேசி எடுத்தவை. ஒருமுறை முதலாளி அந்தப் பதின்மூன்றாம் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தபோது சங்கத்திலிருந்து கடிதம் போனதாம், காசு வந்ததாம். "பாஷை தெரியாத எனக்கு அந்தச் சங்க அட்டைதான் வாய்" என்றார் சித்தப்பா.

பெடியனின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேலைநிறுத்தம் செய்தால் வேலைதான் போகும் என்றார். நான் கிரன்விக்கைச் சொன்னேன். 1976இல் லண்டனில் அந்தப் புகைப்படம் கழுவும் தொழிற்சாலையில், ஜெயாபென் தேசாய் தலைமையில் சேலை கட்டிய பெண்கள் வாசலில் நின்றார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திகள் பலர். தபால்காரர்கள் அந்தக் கொம்பனியின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வந்து பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் பெரிய சங்கங்கள் பின்வாங்க, 1978இல் போராட்டம் தோற்றது; வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் சொன்னதுக்கு இது சாட்சிதான். ஆனால் குடியேறி வந்தவர்களுக்காக வெள்ளைத் தொழிலாளி அந்த அளவில் தெருவுக்கு வந்தது அங்கேதான். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 15

ஏஜென்சி சாப்பாட்டுக் காசை எழுதிக் கொடுத்துவிட்டது! கேட்டதால் கிடைத்தது.

கத்தாரில் சங்கம் இல்லாவிட்டாலும், சில கொம்பனிகளில் தொழிலாளர் வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டுக் குழு உண்டு. சங்கத்துக்கு அது ஈடாகாது, என்றாலும் இருந்தால் விடாதே என்றேன். பாஸ்போர்ட்டைக் கொம்பனி பிடித்து வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். சம்பளம் வங்கியில்தான் விழ வேண்டும். கையில் தந்தால் வாங்காதே. வேலை செய்த மணித்தியாலத்தை ஒவ்வொரு இரவும் கொப்பியில் எழுது. அறையில் நேபாளப் பெடியள் இருந்தால் சிநேகம் பிடி. அவர்களுடைய நாட்டுத் தொழிற்சங்கம் வளைகுடாவில் இருக்கிற தன் ஆட்களைத் தொடர்ந்து கவனிக்கிறது. நம்முடைய சங்கங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். சித்தப்பா கதைப்பார். வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய இரண்டு பேரும் வருகிறார்கள். வெளிநாடு போக இருக்கிறவர்கள் ஒப்பந்தப் பிரதியைக் கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்போம்.