இலக்கம் மறைத்து வரும் அழைப்பு

ஆஸ்திரேலியாவில் உரைபெயர்ப்பாளராக வேலை பார்க்கத் தொடங்கியபோது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி, பேசுபவரின் இடத்தில் நின்றே நானும் பேச வேண்டும் என்பது. 'அவருக்குப் பயமாக இருக்கிறதாம்' என்று சொல்வது பிழை. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவமனை அறைகளிலும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும், பெரும்பாலும் தொலைபேசியிலும், படகில் வந்த ஈழத்தமிழரின் பயத்தைப் பல வருடங்களாக என் பயமாகவே ஆங்கிலத்தில் சொல்லி வந்திருக்கிறேன். (இந்தக் கட்டுரையில் வருபவர்களின் அடையாளங்களை, தொழில் ஒழுக்கம் கருதி, மாற்றியே எழுதுகிறேன்.)

'நாடு கடத்தல்' என்ற சொல்லே முதல் சிக்கல். இந்த நாட்டுச் சட்டத்தில் குற்றத் தீர்ப்பின் பேரில் ஒருவரை நாடு கடத்துவது ஒன்று. விசா இல்லாதவரை 'அகற்றுவது' வேறொன்று. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவருக்கு நேர்வது இரண்டாவது. அகற்றுவது என்று தமிழில் சொன்னால் குப்பையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. நாடு கடத்துவது என்றால், 'நான் என்ன குற்றம் செய்தனான், தங்கச்சி?' என்று மறுமுனையிலிருந்து கேள்வி வருகிறது. 'நாட்டை விட்டு அனுப்புவது' என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். அவர்களுடைய சொல் இதைவிடச் சின்னது: 'அனுப்பிப்போடுவினமோ?' யார், எங்கே என்றெல்லாம் அந்தக் கேள்வியோடு சேர்த்துச் சொல்ல அவர்களுக்குத் தேவை இருந்ததில்லை.

2012 ஆகஸ்ட் 13ஆம் திகதி முதல் 2013 இறுதிவரை படகில் வந்தவர்களின் கோரிக்கைகளுக்கென்று 2014இல் 'விரைவுப் பாதை' என்ற தனிமுறை சட்டமானது. மறுக்கப்பட்டால் மீளாய்வு இருந்தது; ஆனால் அது பெரும்பாலும் கோப்பில் உள்ள காகிதங்களை வைத்தே நடந்தது, ஆளை நேரில் கூப்பிட்டுக் கேட்பது அபூர்வம். தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. மறுக்கப்பட்டவர்களோ சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய இடைக்கால விசாவிலேயே தங்கிவிட்டார்கள். புதுப்பிப்பு தாமதமானால் வேலை செய்யும் உரிமை போகும், மருத்துவ அட்டையும் காலாவதியாகும். அவர்கள் வீடுகளில் நாட்காட்டியைவிட முக்கியமானது அந்தத் திகதி எழுதிய கடிதம் இருக்கும் பிளாஸ்டிக் உறை.

பயம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கு விளங்கவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. காதில் சத்திரசிகிச்சை செய்வதற்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு தாயின் குழந்தையுடைய பெயர் இருந்தது. மருத்துவமனையிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறார்கள், ஒருமுறையும் அவர் எடுக்கவில்லை, இடம் போய்விட்டது. ஏன் எடுக்கவில்லை என்று தாதி சற்றுக் கடுமையாகவே கேட்க, நான் அதைத் தமிழில் சொன்னேன். மருத்துவமனை அழைப்பில் இலக்கம் தெரிவதில்லை. குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வரும் அழைப்பிலும் இலக்கம் தெரிவதில்லை. இரண்டில் எது என்று தெரியாததால், போன் அடித்து ஓயும்வரை பிள்ளைகளையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். போனை எடுக்காவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு. கைப்பேசிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை நான் சொல்ல முடியாது. கருத்துச் சொல்வது என் வேலை இல்லை. தாதிக்கு ஆங்கிலத்தில், 'நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்' என்றேன்.

2013 டிசம்பர் முதல் இடைக்கால விசாவுக்காக இவர்கள் கையெழுத்திட வேண்டியிருந்த நடத்தை விதிகளில் வீதிச் சட்டங்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தன. மீறினால் விசா ரத்தாகலாம். ஆகவே வேக வரம்பைச் சற்றுத் தாண்டியதற்கு வந்த அபராதச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணச் செலவு, இவர்களுக்கு இரவுத் தூக்கம். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளியைப் பற்றியும், அடிக்கும் கணவனைப் பற்றியும் எத்தனையோ பேர் முறையிடாமல் விட்டதற்குக் காரணம் அறியாமை என்று அதிகாரிகள் சிலர் நினைப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எங்கே முறையிடலாம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முறைப்பாட்டில் தங்கள் பெயரும் எழுதப்படும் என்பதும் தெரியும்.

2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலையில் குயின்ஸ்லாந்தின் உட்பகுதியிலுள்ள பிலோயிலா என்ற சிற்றூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் வீடு வந்து கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவர்களை ஏற்றிப் பறந்த விமானம் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியதும், கிறிஸ்மஸ் தீவில் அடைக்கப்பட்டதும், ஊரார் விடாமல் நின்று போராடியதும், 2022 ஜூனில் அவர்கள் ஊர் திரும்பி ஆகஸ்டில் நிரந்தர விசா பெற்றதும் எல்லோரும் அறிந்தவை. ஆஸ்திரேலியர்கள் அந்தக் கதையில் ஊராரின் அன்பை நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் நினைவில் வைத்தது நேரத்தை. நாலு மணிக்கு எழும்பிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையை உடுத்திவிட்டுத் திரும்பவும் படுக்கவைப்பதாக ஒரு பெண் உளவளத்துணையாளரிடம் சொன்னார். 'வந்தாலும் பிள்ளையள் இரவு உடுப்போட போகக்கூடாது' என்ற வசனத்தை ஆங்கிலமாக்குவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

இந்தப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி விதி உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்து, தொடர்ந்து இங்கேயே வாழும் பிள்ளை, பெற்றோருக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாவிட்டாலும், பத்தாவது பிறந்தநாளன்று குடிமகனாகிவிடும். படகில் வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அந்த வயதை எட்டுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு ஒரு தாய் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த மாதம் அவனுக்குப் பத்து. அவன் ஆங்கிலத்திலேயே, நான் தேவைப்படாமல், சட்டத்தரணியிடம் நேராகக் கேட்டான்: தனக்குப் பத்து வயதானால் அம்மாவை அனுப்ப முடியாதுதானே?

சட்டத்தரணி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்து, பிள்ளையின் குடியுரிமை மட்டும் தாய்க்கு விசா தந்துவிடாது, வேறு வழிகள் உண்டா என்று பார்க்கிறோம் என்று சொன்னார். மகனுக்கு விளங்கிவிட்டது. தாய்க்கு விளங்கவில்லை, அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பையன் தமிழில், 'பார்க்கலாமாம், அம்மா' என்றான்.

விதிப்படி பாதி மட்டுமே சொல்லப்பட்டதை நான் திருத்தி முழுதாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். பையன் அதன்பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.