அம்பாசிடரின் மாற்றுக் கதவும் அதன் கண்ணாடியும்

எங்கள் அம்பாசிடர் மார்க் 3 வண்டியின் முன்கதவுகளில் தகரத்தைவிட, பள்ளங்களை நிரப்பப் பூசிய பட்டியே அதிகம் என்ற நிலை வந்துவிட்டதால், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கதவுகளை வாங்கி மாட்டினோம். கதவு கிடைப்பதும் கீலில் ஏறுவதும் பெரிய காரியமில்லை. அதில் கண்ணாடி தடையின்றி ஏறி இறங்குவதுதான் காரியம்.

கதவு சுற்றிலும் ஒரே சீரான இடைவெளியுடன் பொருந்தி, பூட்டு முட்டாமல் விழும்வரை கண்ணாடியைத் தொடாமலிருப்பதே நல்லது. கதவைச் சரிசெய்ய, தகர வேலை பார்க்கும் டிங்கர் அதன் சட்டத்தை நெம்பும்போது, கண்ணாடி ஓடும் சேனலும் அதோடு சேர்ந்து வளைந்துவிடும். பழைய அம்பாசிடரின் முன்கதவில் முக்கோணச் சின்னக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் கம்பி வெறும் தடுப்பு அன்று. பெரிய கண்ணாடியின் முன்விளிம்பு அதைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. அந்தக் கம்பியும் பின்பக்கச் சேனலும் மேலிருந்து கீழ்வரை இணையாக இல்லாவிட்டால், பாதி தூரம் இலகுவாக வரும் கண்ணாடி அதற்குமேல் இறுகிப்போகும். அப்போது கைப்பிடியை வலிந்து சுற்றினால், கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷினின் பல்தான் தேயும். “கண்ணாடியைக் குறை சொல்லாதீங்க சார், சேனலைப் பாருங்க” என்றார் எங்கள் டிங்கர். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை கண்ணாடியை மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதும் இதனால்தான்.

பழைய கண்ணாடி பொருந்தாவிட்டால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம், சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியிடம் செல்லாது. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விக்கப்பட்ட அந்தக் கண்ணாடி, வெட்டுப் பட்டதும் முழுவதும் துகள்களாகச் சிதறிவிடும். ஆகவே, மெல்லிய ப்ளைவுட்டில் அச்சு வெட்டி, அதைச் சேனலில் ஓட்டிப் பார்த்து, அந்த அளவில் சாதாக் கண்ணாடியை வெட்டி ஓரம் தேய்த்த பிறகே டஃபன் செய்யக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிச் செலவை மிச்சப்படுத்தி, சாதாக் கண்ணாடியையே மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, ஜன்னல்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியையே கேட்கிறது. விதி இல்லாவிட்டாலும், கத்தி போல உடையும் கண்ணாடியைக் கழுத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் வராது.

சேனலுக்குள் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும் பட்டையான வெல்வெட் பீடிங்கைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கும்போது, கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன் கனத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடியின் அடிவிளிம்பை ரப்பர் பட்டையுடன் உலோகச் சேனலில் இறுக்கும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் வேலை எளிதாகும்.

எந்த பீடிங் போட்டாலும், ஐப்பசி மழையில் கண்ணாடி வழியே வழியும் தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்து, கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் பாலித்தீன் விரிப்பு ஒன்றை ஒட்டிய பிறகே பேடை மூட வேண்டும்.